மூன்றாவது ஓலை

பக்கத்து அறையிலிருந்து அந்தத் தட்டல் மறுபடியும் கேட்டது. கனமாக மூன்று, லேசாக ஒன்று. சற்று நிறுத்தம். மறுபடியும் மூன்று, ஒன்று.

நான் சமையலறையில் கூலிக்கு வந்த யாருடைய விரிப்பையோ துணி பிழியும் உருளைகளுக்கு நடுவே கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

“கெசியா, அந்தச் சுவரு உனக்கு என்ன பாவம் செஞ்சுது? வந்ததிலேருந்து போட்டு அடிக்கிற.”

“நான் அடிக்கல அக்கா. கை தானா அடிக்குது.”

“கையை மடியில வெச்சுக்க.”

“வெச்சேன். கால் ஆரம்பிச்சிடுச்சு.”

அன்று சனிக்கிழமை. பார்வையற்றோர் பட்டறையில் அரைநாள் வேலைதான். பன்னிரண்டரைக்கே அவள் வந்துவிட்டாள். வந்ததிலிருந்து உட்காரவில்லை. ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவி வைத்தேன். இரண்டு கடி கடித்துவிட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள். தலை வாரப் போகிறேன் என்று எழுந்து அலமாரிக்குக் கையை நீட்டினாள். அலமாரி காலி. “அட, சீப்பு அங்கே இருக்கில்ல” என்று சொல்லி உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் எழுந்து அதே அலமாரிக்கே கையை நீட்டினாள்.

சீப்பு மட்டுமல்ல, அவளுடைய தகரப் பெட்டி, குளிர்காலச் சால்வை, அம்மாவின் ஜெபப்புத்தகம் எல்லாமே ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவள் கட்டிக்கொள்ளப்போகும் ஜேபஸ் வௌல்ஸின் அத்தை வீட்டில் இருந்தன. பிரிஸ்டலில் எங்களைப் போன்றவர்கள் வேறு வட்டாரத்துப் பங்குக் கோவிலில் கல்யாணம் செய்ய நினைத்தால் அப்படித்தான் செய்வது. பெட்டி அங்கே தங்கினால் ஆளும் அங்கே தங்குவதாக அர்த்தம். “இந்தப் பங்கைச் சேர்ந்த கெசியா ட்ரான்டர்” என்று குருவானவர் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கும்போது யாரும் வந்து கட்டிலைத் தேடுவதில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் என்னுடைய தொப்பிப் பெட்டிகூட மூன்று வாரம் ஒரு மீன்காரி வீட்டில் குடியிருந்தது. அந்த வாடை போக ஒரு வருடம் ஆயிற்று.

எங்கள் பங்கிலேயே ஓலை வாசிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. பட்டறைக் கமிட்டியின் பொருளாளர் எங்கள் கோவிலில் முன்வரிசைக்காரர். பட்டறையின் சட்டமோ கல்லில் வெட்டியது: கண் தெரியாத ஒருவர் கண் தெரியாத இன்னொருவரைக் கட்டிக்கொள்ளக் கூடாது. மீறினால் இருவருக்கும் அங்கே இடமில்லை. கட்டிக்கொள்வதற்கு முன்பே தெரிந்துவிட்டால் இன்னும் மோசம். ஆண்பிள்ளையை ரயிலேற்றி வடக்கே வேறு ஊர்ப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தூரிகை செய்பவனை அப்படித்தான் அனுப்பினார்கள். அவனைக் காதலித்த பெண் இன்றும் கெசியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்காலி பின்னுகிறாள். அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை.

முதல் ஓலை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. “தடை இருந்தால் சொல்லுங்கள்” என்று குருவானவர் கேட்டபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. நாளை ஞாயிறு, மூன்றாவது ஓலை. அதுவும் கடந்துவிட்டால் திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கல்யாணம். செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும்போது அவர்கள் கணவன் மனைவி. வேலையைப் பறிக்கலாம், ஆளைப் பிரிக்க முடியாது.

இதில் இன்னொரு வேதனையும் இருந்தது. தன் ஓலையைத் தானே காதால் கேட்கக் கூடாது, கேட்டால் பிறக்கும் குழந்தைக்குப் பேச்சு வராது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அதனால் அவளும் போக முடியாது, அவனும் போக முடியாது. நான்தான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து ஓடிவந்து சொல்ல வேண்டும்.

“அக்கா, நாளைக்கு யாராவது எந்திரிச்சா நீ என்ன பண்ணுவ?”

“இழுத்து உக்கார வெப்பேன்.”

“பெரிய ஆளா இருந்தா?”

“மடியில உக்காந்துக்குவேன். என் எடைக்கு எந்த மனுஷன் எந்திரிப்பான்?”

அவள் சிரித்தாள். ஆனால் கை மறுபடியும் சுவருக்குப் போயிற்று. மூன்று, ஒன்று.

அந்தத் தட்டலின் கதையைச் சொல்லாவிட்டால் கெசியாவின் கதை விளங்காது. நாலு வயதில் அம்மை அவள் கண்ணை எடுத்தது. ஒன்பது வயதில் அம்மாவைக் காய்ச்சல் எடுத்தது. யாரோ கையைப் பிடித்துப் பட்டறை வாசலில் விட்டார்கள். அங்கே பிரம்பால் நாற்காலிக்கு இருக்கை பின்னக் கற்றாள். வயது வந்த பிறகு படுக்கை மட்டும் என் வீட்டு முன்னறை, வேலை அங்கேயே. இந்தச் சித்திரையில் அவளுக்கு இருபத்தொன்பது. மகாராணி கணவரை இழந்து கறுப்பு உடுத்திய பத்து வருடத்தில், நான் பார்க்க அவள் ஒருநாள்கூடத் தன் கண்ணுக்காக அழுததில்லை.

பட்டறையில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நடுவே ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் கூடை முடைபவர்கள் வில்லோ மரக் குச்சிகளை இரும்புப் பட்டையால் தட்டித் தட்டி நெருக்குவார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு தட்டு உண்டு என்பாள் கெசியா. ஒருவன் கோபக்காரன், ஒருவன் சோம்பேறி. ஒருவன் மட்டும் கனமாக மூன்று தட்டி, குச்சிக்கு வலித்துவிடுமோ என்பதுபோல் லேசாக ஒன்று தட்டுவான். அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தட்டுக்குள் உட்கார்ந்து ஐந்து வருடம் நாற்காலி பின்னினாள்.

ஒரு மார்கழியில் அந்தத் தட்டு நின்றுபோயிற்று. ஒருநாள், இரண்டு நாள், ஒன்பது நாள். சாப்பாடு இறங்கவில்லை. பத்தாம் நாள், நோயில் விழுந்து எழுந்தவன் தட்டுவதுபோல் பலவீனமாக, மூன்று, ஒன்று. அவள் கையிலிருந்த சின்னச் சுத்தியலால் சுவரில் திருப்பித் தட்டினாள். மூன்று, ஒன்று. அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ஒரு இரும்புப் பட்டை தரையில் விழுந்த சத்தம் கேட்டதாம்.

அவனுக்கும் அவளை முன்பே தெரிந்திருந்தது. முடிந்த நாற்காலிகளை வாசலுக்குத் தூக்கிப் போவது அவன் வேலை. பின்பக்க வலது மூலையில் கடைசிப் பிரம்பை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகுகிறவள் ஒருத்திதான் என்று அவன் விரல் சொல்லியிருந்தது. அந்த மூலையைத் தொட்டுவிட்டுத்தான் தூக்குவானாம்.

பெண் கேட்டது என் சமையலறையில். தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டு நின்றான்.

“கெசியா, என் மூஞ்சி எப்படின்னு எனக்கே தெரியாது. மிஸஸ் ஓட்டன்கிட்ட கேட்டுக்க. கேட்ட பிறகு பதில் சொன்னாப் போதும்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “எப்படி அக்கா?”

“வெந்த உருளைக்கிழங்கு மாதிரி.”

“தோலோடயா, உரிச்சதா?”

“தோலோட.”

“அப்போ சரி” என்றாள் அவள். “எனக்குத் தோலோடதான் பிடிக்கும்.”

அந்த ஜேபஸை ரயிலேற்றிவிடுவார்களோ என்றுதான் அன்று அவள் கை சுவரை விடவில்லை.

மணி மூன்றரை இருக்கும். தட்டல் சட்டென்று நின்றது.

“அக்கா. மிஸ் பென்ரோஸ் வர்றாங்க.”

“எங்கே?”

“முனையில. இடது பூட்ஸ் கிறீச்சிடுது. வேகமா வர்றாங்க. நல்ல விஷயத்துக்கு அவங்க வேகமா நடக்க மாட்டாங்க.”

மிஸ் பென்ரோஸ் கிளிஃப்டன் மேட்டுப் பெரிய வீட்டுக்காரி. நாற்பதை நெருங்கியவள், கல்யாணம் ஆகாதவள். வியாழக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து பெண்கள் வேலை செய்யும்போது வாரப் பத்திரிகைத் தொடர்கதை வாசிப்பாள். சென்ற வருடம் முழுக்க ரோசமண்ட் என்ற கண் தெரியாத அழகியின் கதை. வாசிக்கிறவள் அழுவாள், கேட்கிறவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். “அந்தப் பொண்ணு சொந்த வீட்டுலயே ஏன் கையை நீட்டிக்கிட்டு அலையுது? பொறந்ததிலேருந்து இருக்கிற மேசை அங்கேதானே இருக்கும்?” என்று கெசியா வீட்டுக்கு வந்து என்னைக் கேட்பாள். ரோசமண்டை ஒரு பிரபுவின் மகன் காதலித்தான். அவனுக்குப் பாரமாகக் கூடாது என்று அவள் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கடற்கரையில் வெள்ளை உடையில் செத்துப்போனாள். கெசியா சொல்லக் கேட்டே நான் அழுதுவிட்டேன். கெசியா மட்டும், “சாகறவரைக்கும் அவளுக்கு யார் சமைச்சாங்கன்னு எழுதவே இல்லையே” என்றாள்.

கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மிஸ் பென்ரோஸ் உள்ளே வந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். “அக்கா இருக்கட்டும் மிஸ்” என்றாள் கெசியா. நான் சமையலறை வாசலிலேயே நின்றேன்.

மிஸ் பென்ரோஸ் நாற்காலியில் உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். காலி அலமாரி, காலி ஆணி, கட்டிலடியில் பெட்டி இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு சதுரம்.

“உன் பெட்டி எங்கே கெசியா?”

கெசியா இரண்டு கையையும் மடிக்குள் செருகிக்கொண்டாள்.

“போன ஞாயித்துக்கிழமை என் சித்தி மகளோட குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆத்துக்கு அந்தப் பக்கக் கோவில், முன்வரிசையில இருந்தேன். முதல்ல ஓலை வாசிச்சாங்க. உன் பேரு. ஜேபஸ் வௌல்ஸ் பேரு. இந்தப் பங்கைச் சேர்ந்தவள்னு சொன்னாங்க. நான் எந்திரிக்கப் பார்த்தேன். கால் வரல.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா மிஸ்?”

“இன்னும் இல்ல. ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல. நீயே வந்து சொல்லுவன்னு வியாழக்கிழமை எதிர்பார்த்தேன். நீ குனிஞ்ச தலை நிமிரல.”

அவள் குருவானவரிடம் “இந்தப் பெண் இங்கே குடியிருக்கவில்லை” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று ஓலையும் செல்லாது. ஜேபஸுக்கு ரயில்.

மிஸ் பென்ரோஸ் கெசியாவின் முன்னால் மண்டியிட்டாள். அவ்வளவு பெரிய வீட்டுப் பெண், என் வீட்டுத் தரையில். “நான் உனக்கு விரோதி இல்லம்மா. யோசிச்சுப் பாரு. ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கும் கண்ணில்ல. அடுப்புத் தீ இருக்கு. நாளைக்கு ஒரு குழந்தை வரும். அது தவழ்ந்து போனா யார் பார்ப்பா?”

“தவழுற குழந்தை சத்தம் போடும் மிஸ். சத்தம் போடாத குழந்தையைத்தான் நான் எந்த வீட்டுலயும் கேட்டதில்ல. அதுக்கும் மேல வேணும்னா கால்ல ஒரு மணி கட்டிடுவேன்.”

“விளையாடாதே.”

“விளையாடல மிஸ். மணி வாங்கியாச்சு. ஜேபஸ் வாங்கிட்டார். கல்யாணத்துக்கு முன்னாலயே மணி வாங்கின ஆளு எங்கேயாவது உண்டான்னு அவர் அத்தை திட்டுறாங்க.”

மிஸ் பென்ரோஸின் முகம் சிவந்தது. “உன்னை நேசிக்கிறவனா இருந்தா, அவன் உன்னை விட்டுக்கொடுத்திருப்பான். நீ அவனை நேசிச்சா நீ விட்டுக்கொடுத்திருப்ப. அந்த ரோசமண்ட் என்ன செஞ்சா? வாரா வாரம் வாசிச்சேனே, உனக்கு ஒண்ணுமே மனசுல தங்கலையா?”

“தங்குச்சு மிஸ்.” கெசியாவின் குரல் தாழ்ந்தது. கை மட்டும் மடியில் நெளிந்துகொண்டே இருந்தது. “ஒரு இடம் ரொம்ப நல்லாவே தங்குச்சு. மோதிரத்தைத் திருப்பி அனுப்பி ஒரு கடிதம் எழுதுவாளே, அந்த வியாழக்கிழமை.”

“அதுதான் அந்தக் கதையோட உயிர்.”

“அந்தக் கடிதத்தை நீங்க வாசிக்கல மிஸ்.”

தெருவில் நிலக்கரி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

“எட்டு வரிக்கு ஒரு தடவை உங்க கைக்குட்டை உரசும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தாள் திரும்பும். அன்னைக்குக் கடிதம் ஆரம்பிச்சதிலேருந்து தாளே திரும்பல, மனப்பாடமா சொன்னீங்க. கதைப் புத்தகத்து வார்த்தை மாதிரியும் இல்ல. ‘உன் முகம் எனக்கு மறக்கிறதுக்கு முன்னாலயே உன்னை விடுவிச்சிடறேன்’னு வந்துச்சு. ரோசமண்டு பொறவிக் குருடு. அவளுக்கு எப்படி முகம் மறக்கும்? நாங்க பன்னெண்டு பேரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். யாரும் உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம். இன்னைக்கு நான் கேக்கறேன். அது யார் யாருக்கு எழுதின கடிதம்?”

மிஸ் பென்ரோஸ் எழுந்தாள். கதவுப் பக்கம் இரண்டு அடி வைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போய் நேரே குருவானவர் வீட்டுக்குத்தான். நான் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவள் திரும்பி வந்து, கெசியா பின்னிய அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எனக்கு நிச்சயமானவர் எனக்கு எழுதினது. ரஷ்யாவோட சண்டை” என்றாள். “வெடி அவர் முகத்துக்கு நேரா வெடிச்சிடுச்சு. எங்களுக்கு நிச்சயம் ஆகி நாலு மாசம். ஆஸ்பத்திரியிலேருந்து கடிதம் வந்துச்சு. அவர் சொல்ல வேற யாரோ எழுதினது.”

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“மோதிரத்தை அனுப்பினேன். அவர் அவ்வளவு பெரிய மனசு பண்றாரே, அதைக் கெடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். எங்கம்மா அழுதுகிட்டே என்னைக் கட்டிப்பிடிச்சாங்க. வீடே எங்க ரெண்டு பேரையும் புகழ்ந்துச்சு.”

“போய்ப் பார்க்கலையா மிஸ்?”

“இல்ல.”

“இப்போ அவர்?”

மிஸ் பென்ரோஸ் கையுறையின் பித்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள். “கல்யாணம் ஆயிடுச்சு. அவருக்குத் தினமும் செய்தித்தாள் வாசிக்க ஒரு பொண்ணு வந்துச்சாம். அதையே கட்டிக்கிட்டார். மூணு பிள்ளைங்க.”

எனக்குக் கண்ணீர் பொங்கியது. ஏப்ரனால் துடைத்தேன். கெசியா அழவில்லை. கையை நீட்டி, தேடி, அந்தக் கையுறைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ அவருக்குக் கல்யாணம் வேணாம்னு இல்ல மிஸ். ‘வேணாம்’னு எழுதிட்டு, நீங்க வந்து ‘வேணும்’னு சொல்லுவீங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருந்திருப்பார். ஆஸ்பத்திரியில யார் நடந்து வந்தாலும் உங்க பூட்ஸ் சத்தமான்னு கேட்டிருப்பார். எனக்குத் தெரியும். ஒன்பது நாள் நான் அப்படிக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

மிஸ் பென்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டாள். தொப்பியில் இருந்த கறுப்பு இறகு நடுங்கியது. நான் தேநீர் ஊற்றி வைத்தேன். அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று. கெசியாவின் பாதம் மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று, ஒன்று.

கடைசியில் மிஸ் பென்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கு நான் அந்தக் கோவிலுக்குப் போவேன்.”

கெசியாவின் பாதம் நின்றது.

“போய் உக்காந்திருப்பேன். எந்திரிக்க மாட்டேன். ஆனா செவ்வாய்க்கிழமை கமிட்டியில என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் கெசியா. உங்க ரெண்டு பேர் இடமும் போயிடும். அதை என்னால தடுக்க முடியாது.”

“பொய் சொல்லாதீங்க மிஸ். திங்கட்கிழமை எட்டரைக்கு எங்க கல்யாணம் முடிஞ்சிடும். செவ்வாய்க்கிழமை உண்மையையே சொல்லுங்க.”

“எப்படிப் பொழைப்பீங்க?”

“ஜேபஸ் ஒரு முன்னறை பார்த்து வெச்சிருக்கார். இந்த ஊர்ல எத்தனை மதுக்கடை இருக்கு, எத்தனை குடிகாரங்க நாற்காலியில ஏறி நின்னு பாடுறாங்க. நாற்காலி கிழியாம இருக்காது.” சொல்லும்போது சிரித்தாள், ஆனால் உதடு வறண்டிருந்தது. “பொழைக்கலேன்னா உங்ககிட்ட வந்து ஒத்துக்கறேன்.”

மிஸ் பென்ரோஸ் தொப்பிக்குக் கீழே கையை விட்டு, கொண்டையின் பக்கவாட்டில் செருகியிருந்த ஆமையோட்டுச் சீப்பை உருவினாள். ஒரு கற்றை நரைமுடி காதோரம் சரிந்தது. சீப்பைக் கெசியாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

“திங்கட்கிழமை தலையைச் சிக்கோட வெச்சுக்கிட்டுப் போகாதே.”

கெசியா சீப்பின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். “ஒரு பல்லு உடைஞ்சிருக்கு மிஸ்.”

“பதினாறு வருஷமாச்சு. அவர் வாங்கிக் கொடுத்தது.”

நான் வழி காட்ட முன்னால் வந்தேன். கெசியா என்னைக் கையால் தள்ளிவிட்டு, தானே ஏழு அடி நடந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுக் கதவைத் திறந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

“பார்த்துப் போங்க மிஸ். ரெண்டாவது படி உடைஞ்சிருக்கு.”

மிஸ் பென்ரோஸ் உடைந்த படியைத் தாண்டி இறங்கினாள். இடது பூட்ஸ் கிறீச்சிட்டுக்கொண்டு தெருவில் போயிற்று. வந்த வேகம் இல்லை. முனைவரை போய் அங்கே நின்றது போலிருந்தது. வலப்பக்கம் திரும்பினால் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் குருவானவர் வீடு. இடப்பக்கம் திரும்பினால் கிளிஃப்டன் மேடு.

கெசியா மழைச்சாரல் முகத்தில் அடிக்க, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். சீப்பைப் பிடித்த கை நெஞ்சோடு அழுந்தியிருந்தது.

“எந்தப் பக்கம்டி?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“பொறு அக்கா.” இன்னும் கொஞ்சம் கேட்டாள். பிறகு நீளமாக மூச்சு விட்டாள். “மேட்டுப் பக்கம்.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.